அப்பா வடகாலுக்குத் தாமதமாகப் போனது

எங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பெரியவர்களுக்கும், உறவினர்களுக்கும், அப்பாவோடு வேலை பார்த்த அன்பர்களுக்கும் வணக்கம். இதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் குடும்பத்தில் உண்டு. இருந்தாலும் நான்தான் எழுதுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது முறை. இதிலும் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடப் போவதில்லை.

வடகால் ஊரில் அப்பாவைப் பற்றி இந்த வருடம் முழுக்க ஒரு பேச்சு இருந்தது. முப்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்த கன்னியப்பன் பெரியப்பாவின் சாவுக்கு அப்பா போகவில்லை. பதினாறாம் நாளுக்கும் போகவில்லை. வயதான காலத்தில் சாவைப் பார்க்கப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார் என்பது அந்தப் பேச்சு. அது இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருடத்தோடு முடிய வேண்டும் என்பதற்காகத்தான் நான் பேனா எடுத்தேன்.

அப்பா ஒரகடத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். ஸ்ரீபெரும்புதூர் வரை நடந்து போய் எட்டாவது படித்தார். அதற்கு மேல் படிக்க வழியில்லை. இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மின்சாரம் வரத் தொடங்கிய காலத்தில், கம்பம் தூக்கும் கூலியாக வேலைக்குச் சேர்ந்தார். கம்பத்தைத் தோளில் சுமந்து, சேற்று வயலில் இறங்கி, வரப்பு வரப்பாகக் குழி வெட்டி நட்டிருக்கிறார். பிறகு ஹெல்பர், அதன் பிறகு லைன்மேன். படப்பையிலிருந்து வல்லம் வரைக்கும் அவர் ஏறாத கம்பம் குறைவு.

அந்தக் கூட்டத்தில் அப்பாவோடு மூன்று பேர் எப்போதும் இருந்தார்கள். வடகால் கன்னியப்பன் பெரியப்பா, ஒரகடம் முனுசாமி சித்தப்பா, படப்பை ஆரோக்கியம் மாமா. மழையில் கம்பி அறுந்தால் நால்வரும் ஒரே சைக்கிள் வரிசையாகப் போவார்கள். ஒருவர் கம்பத்தில் ஏறினால், இன்னொருவர் டிரான்ஸ்பார்மர் அடியில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, கம்பியில் கரண்ட் வராதபடி கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். மேலே போனவர் தரையில் கால் வைக்கும்வரை அதைக் கீழே வைக்க மாட்டார், நகரவும் மாட்டார். அப்பா ஏறும்போது கட்டை பெரும்பாலும் பெரியப்பாவின் கையில்தான் இருக்கும்.

கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை நான். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது அம்மா தவறிவிட்டார்கள். அதன் பிறகு காலையில் சோறு வடித்து எனக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா வேலைக்குப் போவார். என்னை ஆசிரியப் பயிற்சி படிக்க வைத்தார். கல்யாணம் செய்து வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு படப்பையில் எங்களோடு வந்து இருந்தார். கோபம் வரும், அரை மணி நேரத்தில் போய்விடும். ஒருவர் வீட்டில் விளக்கு எரியவில்லை என்று கேள்விப்பட்டால், ஓய்வு பெற்ற பிறகும் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

ஓய்வுக்குப் பிறகு நான்கு பேரும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில் கூடுவார்கள். முதலில் போனவர் முனுசாமி சித்தப்பா. சர்க்கரை நோயில் காலை எடுத்தார்கள், பிறகு அவரே போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் அப்பா ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். சித்தப்பா தன் வீட்டு எர்த் கம்பியை மாற்ற வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்பா அதை மாற்றிவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டார். அப்பா அழுது நான் பார்க்கவில்லை. வேலையைச் செய்துதான் பார்த்தேன்.

ஆரோக்கியம் மாமா போனபோது மாதா கோவிலில் எப்போது எழுந்திருப்பது, எப்போது மண்டி போடுவது என்று தெரியாமல் அப்பா எல்லோருக்கும் ஒரு நொடி பின்னால் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். மாமா மூங்கிலில் பாதி கட்டி வைத்திருந்த பெரிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து முடித்து, உள்ளே பல்பு போட்டு, மாமா வீட்டு வாசலில் ஏற்றினார்கள். கீழே இருந்து பெரியப்பா, “டேய், எறங்குடா. உனுக்கு இன்னா வயசு ஆவுது? நீயும் அவங்கூடவே பூடப் போற!” என்று கத்தினார். “நான் போனா நீ தனியா இன்னாடா பண்ணுவ?” என்று அப்பா மேலே இருந்து சிரித்தார். இருவருக்கும் அது வெறும் கேலிதான். அவர்கள் சாவைப் பற்றிச் சத்தமாகப் பேசுவார்கள். கேட்கும் நான்தான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

நான் இயல்பிலேயே பயப்படுகிறவள். மூத்த பெண்ணுக்கு நான்கு வயது, சின்னவனுக்குப் போன மார்கழியில் ஆறு மாதம். மத்தியானம் குழந்தை தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அந்த மார்கழியில்தான் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. தாம்பரத்தில் காட்டிவிட்டு வந்தோம். அதிர்ச்சியான சேதி எதையும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அப்பாவின் மூக்கருகிலும் விரல் வைக்க ஆரம்பித்தேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, “கீறேம்மா, உசுரோடதான் கீறேன். இன்னும் போவல. போ, சோறு குழையப் போவுது” என்றார்.

தை மாதத்தில் ஒரு காலை வடகாலிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். கன்னியப்பன் பெரியப்பா முந்தின நாள் மாலை தவறிவிட்டார், மத்தியானம் எடுக்கிறார்கள் என்றார். அப்பா உள்ளே படுத்திருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லை, நானே சொல்கிறேன் என்று வாசலிலேயே அவரை அனுப்பிவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுப் படுத்துவிட்டார். எழுந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். எழுந்தபோது முகம் தெளிவாக இருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மறுநாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். இப்படியே ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கடினமாகிக்கொண்டே போனது. “கன்னியப்பன் ஏன் இந்த மாசம் என்னியப் பாக்க வரல?” என்று, நெஞ்சு வலிக்குப் பிறகு வீட்டிலேயே இருந்த அப்பா கேட்டார். அவருக்கு முழங்கால் வலியாம் என்றேன். “அவனுக்கா? என்னிய விட நல்லா நடப்பானே” என்றார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

பிறகு காரியப் பத்திரிகை வந்தது. சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் பெரியப்பாவின் படம் இருந்தது. கிழிக்கக் கை வரவில்லை. உள்ளே வைக்கவும் பயம். வெளிச் சுவரில் மின்சார மீட்டர் பலகை இருக்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் சொருகி வைத்தேன். பதினாறாம் நாளும் கடந்து போயிற்று.

மாசிக் கடைசியில் ஒரு காலை மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. ஃபியூஸ் போயிருக்கும் என்று அப்பா வெளியே போனார். அவர் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஓடினேன். அதற்குள் பத்திரிகை அவர் கையில் இருந்தது.

நின்றபடியே முழுவதும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஃபியூஸ் கம்பியைச் சுற்றி முறுக்கிக் கட்டையை மாட்டினார். உள்ளே மிக்சி தானாக ஓட ஆரம்பித்தது. “போய் அத்த நிறுத்திட்டு வா” என்றார். நிறுத்திவிட்டு வந்தேன்.

“உனுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே தெரியும்பா.”

“அன்னிக்கே தெரியுமா?”

“டாக்டர் சொன்னார்ப்பா, அதிர்ச்சி கூடாதுன்னு. உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு…”

“போஸ்ட் மேல ஏறினவனுக்கு, லைன்ல கரண்ட் கீதா இல்லியான்னு கீழ நிக்கறவன் உள்ளத சொல்லணும். பயப்படுவானேன்னு சொல்லாம வுட்டா, அவன் தைரியமா கைய வெச்சிடுவான்.”

நான் அழுதேன். அப்பா அந்த இடுக்கை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எத்தினியோ எடம் கீது. போயும் போயும் லைன்மேன் வூட்ல மீட்டர் பலகைக்குப் பின்னாடியா வெப்ப?” என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. “சலவ வேட்டிய எடு. வடகாலுக்குப் போவணும்.”

தடுத்தேன். கேட்கவில்லை. பெரியவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே போனேன். ஒரகடத்தில் பஸ் மாறி, வல்லத்தில் இறங்கி வெயிலில் நடந்தோம். வழியில் ஏதோ தொழிற்சாலைக்கு இடம் பார்க்க வந்த ஜீப் ஒன்று வயலோரம் நின்றிருந்தது. அப்பா எதையும் பார்க்காமல் முன்னால் நடந்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். நின்றால் ஓடிப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அவர் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

பெரியம்மா வீட்டில் இருந்தார்கள். பெரியப்பாவின் மகன் ஏகாம்பரம் அண்ணன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

“இப்பத்தான் வழி தெரிஞ்சிதா சித்தப்பா?” என்றார்.

பெரியம்மா, “உன்னியத்தான் கேட்டுக்கினே இருந்தாரு தம்பி” என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. “கெணத்து மோட்டார் ஸ்டார்ட்டர் எரிஞ்சி போச்சி. ஆள் கூப்புடலாம்னா, ‘வாணாம், அவன் வருவான். நான் பூட்டாலும் வருவான். வேற எவனையும் கைய வெக்க வுடாத’ன்னாரு. நான் வுடல. பாதிப் பயிரு காஞ்சி பூட்ச்சி.”

நான் மறைத்தது அப்பாவிடம் மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

“பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சி அண்ணி. நான்தான் வரல. நெஞ்சு வலி வந்த ஒடம்பு. பயந்துக்கினேன்.”

“சாவுக்கு பயந்துக்கினு வூட்ல பூந்துக்கினீங்களா?” என்றார் ஏகாம்பரம் அண்ணன். “எங்கப்பா கட்டையக் கைல வெச்சிக்கினு எத்தினி மழைல நின்னாரு உங்களுக்காக!”

“ஆமாண்டா” என்றார் அப்பா. ஸ்டார்ட்டர் எங்கே என்று கேட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. குழந்தை அழுகிறான் என்று அவனைச் சமாதானப்படுத்துவதுபோல நின்றேன். அது எனக்குத் தெரிந்தே நான் செய்தது.

ஸ்டார்ட்டரைப் பிரித்து, கரி பிடித்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கம்பியை மாற்றி, அப்பா பட்டனை அழுத்தினார். மோட்டார் ஒரு முறை உறுமியது, பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. அப்பா வேட்டியோடு அந்தத் தண்ணீருக்கு அடியில் போய்த் தலையைக் கொடுத்து நின்றார். எங்கள் வழக்கத்தில் சாவு வீட்டுத் தலை முழுக்கு அதுதான். வெகு நேரம் நின்றார். குளிர்ந்துவிடும் என்று கூப்பிட நினைத்தேன். முதல் முறையாகக் கூப்பிடாமல் இருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். “ஏம்பா உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“நான் அந்த வூட்டுக்கு இன்னும் எத்தினி தபா போவப் போறேன்? ஒரு தபா, ரெண்டு தபா. நீ நல்லது கெட்டதுக்கு நாப்பது வருசம் போவணும். அவங்க உன்னிய வாம்மான்னு கூப்புடணும்ல?”

அதன் பிறகு அப்பா எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதத்தையும் நான் நிம்மதியோடு நினைத்துக்கொள்கிறேன். முதல் ஞாயிறு கூட்டு ரோட்டுக்கு அவர் மறுபடி போக ஆரம்பித்தார். முதல் மாதம் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தார். இரண்டாம் மாதம் எதிர்ச் சைக்கிள் கடைக்காரரோடு பேச ஆரம்பித்தார். “அறுவத்தேழு வயசுல புதுசா சிநேகிதம் புடிக்கறதுக்கு வெக்கமாத்தான் கீது. ஆனா புடிக்கணும். செத்தவங்க கூடவே எத்தினி நேரம் பேசுறது? அவனுங்களுக்கே அலுத்துப் பூடும்” என்று சிரித்தார்.

வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழும் அது எதற்கு என்று சிறு காகிதத்தில் எழுதி ஒட்டினார். தாசில்தார் ஆபீசில் நிலுவையில் இருந்த பட்டாவை அலைந்து வாங்கினார். என் பயம் அவருக்குத் தெரியும். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “எனுக்கு நாள் கிட்ட வந்துடுச்சுன்னு எனுக்குத் தெரியுது. பயம் இல்ல. நீயும் பயப்படற மாதிரி நடிக்காத, பயப்படாத மாதிரியும் நடிக்காத. நான் போனா எல்லாருக்கும் சேதி சொல்லு. ஒடம்பு முடியாதவங்க, வயசானவங்கன்னு யாருக்கும் மறைக்காத. கேட்டுத் தாங்கிக்குவாங்க. மனுசங்க தாங்கிக்குவாங்கம்மா” என்றார்.

இந்த ஐப்பசியில், காலை காப்பி குடித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்த கையோடு அப்பா போய்விட்டார். முகத்தில் வலி இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அப்பா சொன்னபடி எல்லோருக்கும் ஆள் அனுப்பினோம். படுக்கையில் இருந்த என் பெரிய அத்தைக்குச் சொல்லாதீர்கள் என்று சிலர் தடுத்தார்கள். சொல்லி அனுப்பினேன். அத்தை வாடகைக் காரில் வந்து, தம்பியின் முகத்தைத் தடவி அழுது, எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். இன்றும் நன்றாக இருக்கிறார்கள்.

வடகாலிலிருந்து பெரியம்மாவும் ஏகாம்பரம் அண்ணனும் வந்தார்கள். பெரியம்மா உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். யாரோ உள்ளே வரச் சொன்னதற்கு, “அம்மா வந்தே ஆவணும்னாங்க, இட்டாந்தேன். எங்களுக்கு சாவு வூட்டுக்கு வர பயம் இல்ல” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அழுகிற பெண்களின் நடுவிலிருந்து மகள் எழுந்து பந்தல் வாசலுக்குப் போகக் கூடாது. நான் எழுந்து போனேன். இதில் யாருக்காவது மன வருத்தம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணா, பெரியப்பா தவறினதை நான் அப்பாவுக்குச் சொல்லவே இல்லை. ஆளையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். பத்திரிகையையும் நான்தான் ஒளிச்சு வெச்சேன். அப்பாவுக்குத் தெரிஞ்ச அன்னிக்கேதான் உங்க வீட்டுக்கு வந்தார்.”

“இன்னா சொல்ற நீ? அப்பறம் ஏன் அவரு தம் மேல போட்டுக்கினாரு?”

“எனக்காக.”

பெரியம்மா உள்ளே இருந்தபடியே, “நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியாடா? சேதி கேட்டுட்டு வூட்ல ஒக்கார்ற ஆளா அவரு?” என்றார்கள்.

அண்ணன் உள்ளே வந்து மாலையைப் போட்டார். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் குனிந்திருந்தார். எடுக்கும் நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு முன் தோள் கொடுத்தார். சுடுகாடு வரை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை என்று என் கணவர் சொன்னார்.

மறுநாள் பால் தெளிக்க வந்தபோது என்னிடம் சொன்னார். “சித்தப்பா பயந்துக்கினாருன்னு ஊர்ல சொன்னதே நான்தான். டீக்கடைல சொன்னேன், வயல்ல சொன்னேன். இப்ப எத்தினி பேர்கிட்ட போய் மாத்திச் சொல்றது? புக்கு போடறீங்களாமே, அதுல எழுது. நான் எங்க ஊர்ல வூடு வூடா குடுக்கறேன்.”

நான் செய்ததை விட்டுவிட்டு எழுதலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அப்படி எழுதியதைத்தான் இரண்டு முறை கிழித்தேன்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த தாம்பரம் டாக்டருக்கும், இந்தப் பதினாறு நாளும் என் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், மகனாக நின்று எல்லாம் செய்த என் கணவருக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும், மின்வாரிய அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து சேதி சொன்னவருக்கு அன்று ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

வடகாலுக்குப் போகும் மலர்க் கட்டு வாசலில் தனியாகக் கட்டி வைத்திருக்கிறது. அதைப் பிரித்துப் படிக்கப் போகிற பெரியவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். சேதி தெரிந்த அன்றைக்கே எங்கள் அப்பா உங்கள் ஊருக்கு வந்தார். பயந்துகொண்டு வீட்டில் இருந்தவள் நான்.